மறு: பப்ளிக் ஃபுட்பாத், நேஷனல் ட்ரெயில் - தமிழ்ல என்ன சொல்லலாம்?

> நடைபாதைன்னு ஏற்கெனவே சொல் இருக்கே, பொது நடைபாதைன்னு வெச்சா போதாதா?

இங்கிலாந்து நடைவழிகள் பத்தின சொற்களுக்குத் தமிழ்ல பட்டியல் போடறோமில்ல, அதுக்கு இது போதாதுங்க ஐயா. நடைபாதைன்னா உடனே ரோட்டோர பிளாட்பாரம்தான் ஞாபகம் வரும், நடைபாதைக் கடைன்னு தினமும் சொல்றோமே. இங்கிலாந்து கிராமத்துல பப்ளிக் ஃபுட்பாத்ங்கறது வேற. யாரோ ஒருத்தரோட சொந்த வயல், இடுப்பளவு கோதுமை நிக்குது, அதுக்கு நடுவால ஆள் நடக்கற அகலத்துக்கு மட்டும் நேரா ஒரு வழி விட்டிருக்கும், வேலியோரம் ஒரு மரக்கம்பத்துல மஞ்சள் அம்புக்குறி, அவ்ளோதான். மண்ணு அவரோடது, நடக்கற உரிமை எல்லாரோடதும். உழுதாகூட 14 நாளுக்குள்ள வழியைச் சரி பண்ணி, வயலுக்குக் குறுக்கே போறதா இருந்தா குறைஞ்சது 1 மீட்டர் அகலம் விட்டாகணும், 1980 ஹைவேஸ் சட்டத்துல இருக்கு. அதே சட்டப்படி, ஜனங்க யார்கிட்டயும் அனுமதி கேக்காம, ஒளிவுமறைவு இல்லாம, 20 வருஷம் தடையில்லாம நடந்து வந்த வழி பொதுவழியாவே ஆயிடும், நிலத்துக்காரர் அப்படி விடற எண்ணம் தனக்கு இல்லன்னு முன்னாடியே காட்டியிருந்தா ஒழிய. அதனால நாம வைக்கற சொல் பாதை எப்படி இருக்குன்னு சொல்லக் கூடாது, உரிமையைச் சொல்லணும். தோழி எழுதின ‘ஒற்றையடிப் பாதை’ அழகான சொல்தான், ஆனா இங்க அதனாலயே ஒத்து வராது.

புதுசா எதையும் தேட வேணாம்னு நினைக்கறேன். நம்ம ஊர் கிரயப் பத்திரத்துல ‘வழிநடை பாத்தியம்’னு எழுதுவாங்கல்ல, அடுத்தவங்க நிலத்து வழியா நடந்து போற உரிமை, கிட்டத்தட்ட இதேதான். அங்க அது குறிப்பிட்ட ஆளுக்கு, இங்க ஊர் உலகத்துக்கே, அதனால முன்னால ‘பொது’ சேர்த்தாப் போச்சு. உரிமைக்குப் பொது வழிநடை உரிமை, பாதைக்கு வழிநடைத் தடம். பத்திரம் எழுதறவங்க இத்தனை காலமா புழங்கிட்டு வந்த சொல், அதை விட மனசு வரல.

> நேஷனல் ட்ரெயில் = தேசிய நீண்டதூர நடைப்பயணப் பாதை

இவ்ளோ நீளமா யாரும் எழுத மாட்டாங்க. நெடுந்தடம் போதும். பென்னைன் நெடுந்தடம், காட்ஸ்வோல்ட் நெடுந்தடம், சொல்லிப் பாருங்க, வாயில நல்லா நிக்குது. தடம்ங்கறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, இதெல்லாம் ரோடு மாதிரி மொத்தமா போட்டது இல்ல, பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த வழிநடைத் தடங்களை ஒண்ணோட ஒண்ணு சேர்த்து, இல்லாத எடத்துல புதுசா உரிமை வாங்கி உண்டாக்கினது. பென்னைன் 268 மைல், இங்கிலாந்துல ஈடேல்ங்கற கிராமத்துல ஆரம்பிச்சு ஸ்காட்லாந்து எல்லை தாண்டி கிர்க் யெட்டம் கிராமம் வரைக்கும். டாம் ஸ்டீஃபன்சன்னு ஒரு பத்திரிகையாளர் 1935ல இப்படி ஒண்ணு வேணும்னு பத்திரிகைல எழுதினார், 1949ல இந்த மாதிரி வழிகளுக்குன்னு சட்டம் வந்தும் வழி முழுசா திறந்தது 1965 ஏப்ரல் 24ல. அதே ஏப்ரல் 24ல, 1932ல, ஈடேல் பக்கத்துல இருக்கற கிண்டர் ஸ்கௌட் மேட்டுல எங்களை நடக்க விடுன்னு கூட்டமா ஏறினாங்க, அந்த விவகாரத்துல 5 பேர் ஜெயிலுக்குப் போனாங்க. அவ்ளோ போராடி வந்த விஷயத்தை ‘நடைப்பயிற்சிப் பாதை’ன்னு (மூணாவது மடல்ல ஒருத்தர் சொன்னது) பார்க்குல வாக்கிங் போற லெவலுக்குக் கொண்டு வரக் கூடாதுங்க.

அடுத்து ஸ்டைல் (stile). வேலியையோ கல்சுவரையோ ஆள் தாண்டலாம், ஆடு மாடு தாண்ட முடியாது, குறுக்க ரெண்டு பலகைப் படி, பக்கத்துல பிடிச்சுக்க ஒரு கம்பம். வேலில ஆள் போற சந்துக்கு நம்மகிட்ட கடவுன்னு இருக்கு, ஈழத்துல பாதசாரிக் கடவைன்னு இன்னைக்கும் புழக்கத்துல இருக்கு. ஏறித் தாண்டறதால ‘ஏறுகடவு’ன்னு வைக்கலாம். கிஸ்ஸிங் கேட்டை ‘முத்தக் கதவு’ன்னு மாத்தினா வாசிக்கறவருக்கு ஒண்ணும் விளங்காது, அது அரைவட்ட அடைப்புக்குள்ள ரெண்டு பக்கமும் ஆடி ஆடி முட்டற கதவு, அந்த முட்டலுக்காகத்தான் ஆங்கிலத்துல அந்தப் பேர். ‘ஊசல் கடவு’ சரியா வரும்.

பிரைடில்வே மட்டும் இன்னும் பிடிபடல. நடக்கலாம், குதிரை போகலாம், சைக்கிளும் போகலாம், ஆனா சைக்கிள்காரர் மத்த ரெண்டு பேருக்கும் வழி விடணும், அம்புக்குறி நீலம். ‘குதிரைத் தடம்’னு வெச்சா நடக்கறவங்களுக்கு இடமில்லைன்னு ஆயிடுது. சவுத் டவுன்ஸ் நெடுந்தடத்துல முழுக்க குதிரையும் சைக்கிளும் போகுது, அதனால இது இல்லாம பட்டியலை முடிக்க முடியாது. யாருக்காவது நல்ல சொல் தோணினா எழுதுங்க.