பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்துவிடலாமா?

அரவங்காட்டு அம்மா:
எங்கள் நூலகத்துப் பிள்ளைகளுக்காக ஹாக்கி வீரர் தன்ராஜ் பிள்ளையைப் பற்றி 16 பக்கப் படக்கதை தயாராகிறது. அவரை நாயகனாக நினைத்து விளையாடும் ஒரு குன்னூர்ச் சிறுமியின் கதை. மாதிரிப் பிரதியை என் ஆறு வயது மகளுக்கு வாசித்தேன். 12-ஆம் பக்கத்தில் 2000 சிட்னி ஒலிம்பிக். முன்னிலையில் இருந்த நம் அணிக்கு எதிராகக் கடைசி நேரத்தில் போலந்து கோல் அடிக்கிறது, 1-1, அரையிறுதி வாய்ப்பு போய்விடுகிறது. அன்றிரவு மூன்று முறை கேட்டாள், "போலந்து ஏன் அடித்தது?" என்று. இந்த வயதில் இது தேவையா? தங்கம் வேண்டுமென்றால் நம் பாஸ்கரன் இருக்கிறாரே! 1980 மாஸ்கோவில் அவர் தலைமையில்தான் ஸ்பெயினை 4-3 என்று வென்றோம்.

கதை எழுதியவர், கோத்தகிரி:
அக்கா, பாஸ்கரனுக்குத் தனிப் புத்தகமே எழுதலாம். ஆனால் 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக்கில் ஆடியும் பதக்கம் கிடைக்காதவர் தன்ராஜ். அதை மறைத்துவிட்டு அவர் கதையை எப்படிச் சொல்வது? புனே நகரத்துக் கட்கியில் படைக்கலத் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரித்தவரின் மகன் அவர். தூக்கி எறிந்த ஒடிந்த மட்டைகளைக் கயிற்றால் கட்டிச் சகோதரர்களோடு ஆடிப் பழகினார். வெடிமருந்துத் தொழிற்சாலையின் நிழலிலேயே வளரும் அரவங்காட்டுப் பிள்ளைக்கு இவரைவிட நெருக்கமான நாயகன் யார்?

அரவங்காட்டு அம்மா:
ஒடிந்த மட்டை என் மகளுக்கும் மிகவும் பிடித்தது. அதைக் குறை சொல்லவில்லை, தம்பி. அழவைத்துத் தூங்கவைக்கும் அந்த ஒரு பக்கத்தைத்தான் சொல்கிறேன்.

பழைய கோல் கீப்பர், வெலிங்டன்:
12-ஆம் பக்கம் இருக்கட்டும் அம்மா. எனக்குக் கோபம் 16-ஆம் பக்கத்தின் மீதுதான். பாங்காக் ஆசிய விளையாட்டில் தன்ராஜ் தலைமையில் 32 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் வென்றது 1998-இல். அதைச் சிட்னிக்குப் பிறகு வைத்து, தோற்றவர் பின்னால் ஜெயித்ததுபோல் காட்டியிருக்கிறீர்கள். உண்மையைப் பேசிவிட்டு ஆண்டுகளை மாற்றலாமா, தம்பி?

5-ஆம் பக்கத்தையும் பாருங்கள். இடம் போதவில்லை என்று ஓவியத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிவிட்டார்கள். ஹாக்கி மட்டையின் இடப்பக்கம் மட்டுமே தட்டை, வலப்பக்கம் உருண்டிருக்கும். மேலே பிடிப்பது இடது கை. இடது கைக்காரருக்கென்று தனி மட்டையே கிடையாது. உங்கள் படத்தில் எல்லாம் தலைகீழ். மைதானத்துக்கு வரும் எந்தப் பிள்ளையும் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடும்.

கதை எழுதியவர், கோத்தகிரி:
ஐயா, இரண்டும் என் பிழை. சந்தோஷமாக முடிய வேண்டும் என்ற ஆசையில் ஆண்டுகளைப் புரட்டிவிட்டேன். பாங்காக் 11-ஆம் பக்கத்துக்குப் போகிறது, ஓவியத்தையும் புதிதாக வரையச் சொல்கிறேன். கடைசிப் பக்கத்தில் அந்தச் சிறுமி மட்டும்; பிடி கழன்ற மட்டையில் கயிறு சுற்றிக்கொண்டிருப்பாள். அக்கா, சிட்னியை மட்டும் எடுக்க மாட்டேன்.

அரவங்காட்டு அம்மா:
கடைசிப் பக்கம் எனக்குச் சம்மதம். சிட்னிக்கு இன்னும் இல்லை. என் மகளுக்கு எட்டு வயதாகும்வரை 11-இலிருந்து நேராக 13-க்குத்தான் புரட்டுவேன்.