பழைய சிறு டிராக்டருக்கு எந்த ஹைட்ராலிக் எண்ணெய்? உறுப்பினர் அனுபவங்கள்

ஈசூன், புல்தரைப் பராமரிப்பு மேற்பார்வையாளர்:

திடல்களில் புல் வெட்டுவதற்காக எங்கள் நிறுவனம் வாங்கிய சிறு டிராக்டர், ஜப்பானில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு சிங்கப்பூருக்கு வந்தது. கையேடு எதுவும் உடன் வரவில்லை. வண்டியில் ஒட்டியிருந்த குறிப்புகளும் ஜப்பானிய மொழியிலேயே இருந்தன. எண்ணெய் மாற்ற வேண்டிய வேளையில் கடைக்காரர், கட்டுமான இயந்திரங்களுக்கு வழக்கமாகப் போகும் ஐஎஸ்ஓ 46 ஹைட்ராலிக் எண்ணெயை எடுத்து வைத்து, எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. மண் தோண்டும் இயந்திரம் பலவற்றுக்கு அது பொருத்தமான எண்ணெய்தான்.

ஆனால் இவ்வகைப் பழைய டிராக்டர்கள் பெரும்பாலானவற்றில் பின்புற இரும்பு உறையே எண்ணெய்த் தொட்டியாகவும் அமைந்திருக்கிறது. கியர்கள், பின்சக்கரங்களுக்கு விசையைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியல், கருவிகளைத் தூக்கும் பின்பக்க லிஃப்ட் ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயில்தான் இயங்குகின்றன. பல மாடல்களில் பிரேக் தட்டுகளும் அதே எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. 46 என்பது 40 டிகிரி செல்சியஸில் எண்ணெயின் பாகுத்தன்மை எத்தனை சென்டிஸ்டோக்ஸ் என்பதைக் காட்டும் எண் மட்டுமே. கியர் பற்களின் அழுத்தத்தைத் தாங்குவதற்கும், எண்ணெயில் மூழ்கிய அந்த ஈரப் பிரேக் அதிராமலும் அலறாமலும் பிடிப்பதற்கும் வேண்டிய சேர்க்கைப் பொருள்கள் அதில் இருக்கின்றனவா என்பதை அந்த எண் சொல்லாது.

ஆகவே எண்ணெயைத் தேடுவதற்கு முன் வண்டியின் அமைப்பைத் தெரிந்துகொள்ள முடிவு செய்தோம். மாடல் எண்ணைக் கொண்டு உதிரிபாக வரைபடத்தைத் தேடிப் பிடித்தோம். பிரேக் தட்டுகள் அச்சு உறைக்குள் இருப்பதும், ஹைட்ராலிக்கிற்கெனத் தனித் தொட்டி இல்லை என்பதும் அதில் தெளிவாகத் தெரிந்தன. அதற்குப் பிறகு தேர்வு எளிதாகிவிட்டது: டிராக்டர் டிரான்ஸ்மிஷனுக்கும் ஹைட்ராலிக்கிற்கும் பொதுவான, யூ.டி.டி.ஓ. என்று குறிக்கப்படும் எண்ணெய். வாளியின் முன்பக்கத்தில் உள்ள படத்தைப் பார்க்காமல், பின்பக்கத்தில் எந்த உற்பத்தியாளரின் எந்தத் தரக்குறியீட்டை நிறைவேற்றுவதாக எழுதியிருக்கிறது என்பதைப் படியுங்கள். ஜான் டியரின் ஜே20சி, மாஸி ஃபெர்குசனின் எம்1141, குபோட்டாவின் யூடிடி போன்றவை அத்தகைய குறியீடுகள். உங்கள் வண்டியின் கையேடு கிடைத்தால் அது சொல்வதே முடிவு. ஏனெனில் அந்தக் காலத்து மாடல்கள் சிலவற்றுக்குக் கியர் எண்ணெயே பரிந்துரைக்கப்பட்டிருந்தது.

இணையத்தில் வாங்குவோர் 303 என்ற எண்ணை மட்டும் தாங்கிய மலிவு வாளிகளைக் காணக்கூடும். அது ஜான் டியரின் பழைய தரக்குறியீடு; திமிங்கில எண்ணெய் கலந்த அந்தக் கலவை 1970களிலேயே கைவிடப்பட்டது. இன்று அந்த எண்ணுக்குப் பின்னால் எந்த உற்பத்தியாளரின் தரமும் இல்லை என்பதால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை நான் வாங்கமாட்டேன்.

சுங்கை காடுட், பட்டறை மெக்கானிக்:

ஈசூன் நண்பர் தேர்வைப் பற்றி விளக்கமாக எழுதிவிட்டார். சோதனையைப் பற்றி நான் சொல்கிறேன். ஏனென்றால் சிங்கப்பூரில் இந்த வண்டிகளைக் கெடுப்பது பெரும்பாலும் தவறான எண்ணெய் அன்று, தண்ணீர். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், கூரையின்றி நிறுத்தப்படும் வண்டியின் எண்ணெய்த் தொட்டிக்குள் ஈரம் நுழைய வழிகள் பல உண்டு.

எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு பழைய டிராக்டரில் எண்ணெய் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தது. உரிமையாளர் இருமுறை எண்ணெய் மாற்றியும் அந்த நிறம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. கசிவைத் தடுக்கும் சீல்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா என்று கேட்டார். நாங்கள் முதலில் கியர் கம்பியைச் சுற்றியிருந்த ரப்பர் உறையைப் பார்த்தோம். மேலிருந்து பார்க்கையில் நன்றாகவே இருந்தது. விரலால் மடிப்பை விரித்தபோது, கம்பியைச் சுற்றிப் பாதியளவுக்கு மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தது. அந்த உறையின் பள்ளத்தில் தேங்கிய மழைநீர், கம்பி அசையும்போதெல்லாம் சிறிது சிறிதாக உள்ளே இறங்கியிருக்கிறது. மலிவான ஒரு ரப்பர் உறையை மாற்றாமல் எத்தனை வாளி எண்ணெயை ஊற்றியிருந்தாலும் பயன் இருந்திருக்காது. எண்ணெய் ஊற்றும் மூடியின் வளையத்தையும், காற்றோட்டத் துளையின் மூடியையும் இதே கவனத்தோடு பாருங்கள்.

வெளிறிய எண்ணெயைக் கண்டவுடன் தண்ணீர் என்று முடிவுகட்டவும் வேண்டாம். ஒரு கண்ணாடிப் புட்டியில் சிறிதளவு எடுத்து அசையாமல் வையுங்கள். சற்று நேரத்தில் கீழிருந்து மேலாகத் தெளியத் தொடங்கினால் அது பெரும்பாலும் காற்றுக் குமிழி. பம்ப் உறிஞ்சும் பக்கத்துக் குழாய் இணைப்பிலோ வளையத்திலோ காற்று புகுகிறது, அல்லது எண்ணெய் அளவு குறைந்திருக்கிறது. மறுநாளும் கலங்கலாகவே இருந்தால் தண்ணீர்தான். அடியில் நீர் தனியாகப் பிரியவில்லையே என்று நினைக்காதீர்கள், யூ.டி.டி.ஓ. எண்ணெய்கள் ஓரளவு நீரைத் தம்முள் கலந்து வைத்திருக்கும்படியே தயாரிக்கப்படுகின்றன. ஐயம் தீரவில்லை என்றால், நீர் கொதிக்கும் வெப்பத்தைவிட நன்றாகச் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடிக்கும். கண்ணாடி அணிந்து, சற்றுத் தள்ளி நின்று செய்யுங்கள்.

வண்டி பல நாள் நின்றிருந்தால், இயக்குவதற்கு முன் அடிப்பக்க வடிகால் போல்ட்டை மெதுவாகத் தளர்த்திப் பார்ப்பது இன்னொரு வழி. தேங்கிய தண்ணீர் எண்ணெய்க்கு முன்னதாகவே வெளியேறும். போல்ட்டின் காந்தத்தில் பசைபோல ஒட்டிய சாம்பல் நிறத் தூள் வழக்கமான தேய்மானம். நகத்தில் குத்தும் துணுக்குகள் இருந்தால் எண்ணெய் மாற்றுவதோடு நிறுத்தாமல் உறையைத் திறந்து பார்க்க வேண்டும். சல்லடை வடிப்பான் உள்ள வண்டிகளில் அதைக் கழற்றிக் கழுவுங்கள். லிஃப்ட் தூக்கும்போது பம்ப் முனகுவதற்கு அடைபட்ட சல்லடை ஒரு முக்கியக் காரணம்.

லிம் சூ காங், பண்ணை இயந்திரப் பொறுப்பாளர்:

எங்கள் வண்டியில் மண் அள்ளித் தூக்கும் முன்பக்க லோடர் பிற்பாடு பொருத்தப்பட்டது. அதற்குத் தனிப் பம்பும் தனித் தொட்டியும் உண்டு. அந்தத் தொட்டிக்கு ஐஎஸ்ஓ 46 எண்ணெயையே ஊற்றுகிறோம், அதில் குறையேதும் இல்லை. ஆகையால் லோடர் வைத்திருப்போர் குழாய்கள் எங்கிருந்து புறப்படுகின்றன என்பதை விரலால் தொடர்ந்து சென்று பாருங்கள். டிராக்டரின் பின்புற உறையிலிருந்தே வந்தால் அங்கும் யூ.டி.டி.ஓ.தான்.

அளவு பார்ப்பதில் எங்கள் பண்ணையில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். சமதரையில் நிறுத்தி, லிஃப்ட் கைகளையும் லோடரையும் தரையில் இறக்கி, இயந்திரத்தை அணைத்து, எண்ணெய் கீழே இறங்கும்வரை காத்திருந்த பிறகே அளவுகோலை எடுக்க வேண்டும். லோடரைத் தூக்கி நிறுத்திய நிலையில் அளந்தால் சிலிண்டர்களுக்குள் இருக்கும் எண்ணெய் கணக்கில் வராது. குறைவாக இருக்கிறது என்று நிரப்பினால், லோடர் இறங்கும்போது மிகுதியாகிவிடும்.

நம் ஊரில் வெப்பநிலை பெரும்பாலும் 24 டிகிரிக்கும் 33 டிகிரிக்கும் இடையிலேயே இருப்பதால், கையேட்டில் வெப்பநிலை வாரியாக எண்ணெய்கள் தரப்பட்டிருந்தால் வெயில் நாட்டு வரிசையை மட்டும் பார்த்தால் போதும். குளிர்நாட்டாருக்கான மெல்லிய எண்ணெய்க்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

சுங்கை காடுட் நண்பரிடம் ஒரு கேள்வி: தண்ணீர் கலந்த உறையை டீசல் ஊற்றிக் கழுவலாமா?

சுங்கை காடுட், பட்டறை மெக்கானிக்:

வேண்டாம். டீசலின் மெல்லிய படலம் பம்பையும் கியர்களையும் காக்காது. முழுவதும் வடியவும் வடியாது. அச்சு உறைகளுக்கெனத் தனி வடிகால் போல்ட்டுகள் இருந்தால் அவற்றையும் திறந்து, வண்டி சூடாக இருக்கும்போதே எல்லாவற்றையும் வடியவிடுங்கள். அதே தரக்குறியீடுள்ள, விலை குறைந்த எண்ணெயை ஊற்றிச் சிறிது நேரம் ஓட்டி, லிஃப்ட்டைப் பலமுறை தூக்கி இறக்கி, மீண்டும் வடித்துவிட்டு, வடிப்பானை மாற்றிப் புதிய எண்ணெய் ஊற்றுங்கள். வடித்த எண்ணெயை வடிகாலில் விடுவது குற்றம். மூடியுள்ள கலனில் சேர்த்து வைத்து, தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் பெற்ற நச்சுத் தொழிற்கழிவுச் சேகரிப்பு நிறுவனத்திடம் ஒப்படையுங்கள். புதிய எண்ணெயில் ஒரு சிறு புட்டியை மட்டும் தேதியிட்டு அலமாரியில் வைத்துக்கொண்டால், அடுத்த மழைக்காலத்தில் அளவுகோலில் வரும் எண்ணெயின் நிறத்தை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.