சபா ஏசிக்கு ஒரு மடிப் போர்வை: பார்ஜெல்லோ தைத்த கதை

போன மார்கழியில் மாமியாரைக் கச்சேரிக்கு அழைத்துப் போனேன். இரண்டாவது கீர்த்தனைக்குள்ளேயே ஏசி தாங்காமல் புடவைத் தலைப்பை இழுத்து முழங்காலில் போட்டுக்கொண்டார். சால்வை தோளுக்குத்தான் ஆகிறது, காலுக்கு எட்டுவதில்லை. மடிமேல் விரிக்க ஒன்று தைத்துத் தருகிறேன் என்று வாயை விட்டேன். "மடிப் போர்வையா? மடி ஆசாரமெல்லாம் விட்டு எத்தனை நாளாச்சு" என்றார்.

தைக்க எடுத்தது பார்ஜெல்லோ குவில்ட். குவில்ட் என்றால் துண்டுத் துணிகளை இணைத்து அடுக்காகத் தைக்கும் போர்வை, பார்ஜெல்லோ அதில் ஒரு வகை. பார்த்தால் அலை அலையாக வளையும். ஆனால் வளைவுத் தையல் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் நேர்த்தையல்தான். ஃபிளாரன்ஸில் பார்ஜெல்லோ என்ற பழைய மாளிகை இருக்கிறது. அங்குள்ள நாற்காலிகளின் பூவேலையில் வரும் தீச்சுடர் வடிவத்தால் இந்தப் பெயர். இதற்கு முக்கியம், வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை படிப்படியாக இறங்கும் நிறங்கள். அதற்குத் தனிக் கடை தேடி அலைய வேண்டாம். தி.நகரில் ரவிக்கைக்கு மேட்சிங் பார்க்கும் கடையில் டூ பை டூ ரூபியா அடுக்கைப் பாருங்கள், ஒரே பச்சையில் பத்து ஷேடு இருக்கும்.

எலுமிச்சையில் தொடங்கி கிளிப்பச்சை, ராமர் பச்சை, மயில்கழுத்து என்று போய், கடைசியில் எம்.எஸ். ப்ளூ. அது மட்டும் மாமியாரின் உத்தரவு. மொத்தம் 20 நிறம், ஒவ்வொன்றிலும் கால் மீட்டர். "கால் மீட்டர்ல கைகூட வராதேம்மா" என்று கடைப் பையன் பரிதாபப்பட்டான். வரிசையில் சந்தேகம் வந்தபோது போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பார்த்தேன். கண்ணுக்கு அடுத்தடுத்து நிற்பதாகத் தெரிந்த இரண்டு பச்சைகள் இடம் மாறிக் கிடந்தன.

எல்லாத் துணியையும் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, இரண்டரை இன்ச் அகலப் பட்டைகளாக வெட்டினேன். நிறத்துக்கு இரண்டு பட்டை, ஆக இரண்டு செட். கால் இன்ச் உள்ளே தள்ளி ஒன்றோடொன்று தைத்து, முதல் நிறத்தையும் கடைசி நிறத்தையும் லுங்கி மூட்டுவது போல மூட்டினால் செட்டுக்கு ஒரு குழாய் வரும். அதைக் குறுக்கே வளையம் வளையமாக வெட்ட வேண்டும். ஒன்றரை இன்ச் சில, இரண்டு இன்ச் சில, மூன்று இன்ச் சில. ஒவ்வொரு வளையத்திலும் ஒரே ஒரு தையலைப் பிரித்தால் நீளப் பட்டையாகிவிடும். முந்தையதைவிட ஒரு நிறம் தள்ளிப் பிரித்தால் அலை ஒரு படி ஏறும் அல்லது இறங்கும். வளையம் குறுகலாக இருந்தால் அலை செங்குத்தாக ஏறும், அகலமாக இருந்தால் சாவகாசமாகச் சரியும். வித்தையே இவ்வளவுதான்.

சறுக்கியது பதினோராவது பட்டையில். தங்கையோடு போனில் பேசிக்கொண்டே பிரித்ததில் அதைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். பக்கத்துப் பட்டைகளில் நிறம் கீழே போக, இது மட்டும் மேலே போகிறது. இன்னும் நாலு பட்டை சேர்த்த பிறகுதான் கண்ணில் பட்டது. பிளேடால் பிரித்த அந்த இரவை நினைத்தால் இப்போதும் விரல் வலிக்கிறது. அதன்பின் வளையத்தைப் பிரித்ததுமே பட்டையின் மேல் ஓரத்தில் சாக்பீஸால் எண் எழுதினேன்.

நடுவே பஞ்சு வைக்கவில்லை, நம் ஊருக்கு அது அதிகம். அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியை மடித்து வைத்து, கையால் ஓட்டுத் தையல் போட்டேன். முடிந்தபோது ஏறக்குறைய 40க்கு 50 இன்ச். சுருட்டினால் கச்சேரிப் பையில் பிளாஸ்க் பக்கத்தில் அடங்கும்.

இதைப் படித்த இருவர் எழுதியது இது. பெரம்பூரிலிருந்து: அக்கா, நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தவன். எல்லாப் பட்டையையும் ஒரே முனையிலிருந்து தைத்தால் மொத்தத் துணியும் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். என் மனைவிக்கு அப்படித்தான் ஆனது, குழாயாக மூட்டவே முடியவில்லை. ஒரு தையல் இந்த முனையிலிருந்து என்றால் அடுத்தது அந்த முனையிலிருந்து. இஸ்திரியும் அப்படித்தான்: ஒரு தையலின் ஓரத்தை மேல்பக்கம் மடித்தால் அடுத்ததைக் கீழ்ப்பக்கம். ஒரு நிறம் தள்ளிச் சேர்க்கும்போது எதிரெதிர் மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்துவிடும். ஊசிகூட அதிகம் குத்த வேண்டாம்.

நங்கநல்லூரிலிருந்து: நான் நனைக்காமலே தைத்தேன். அரக்குச் சிவப்பு முதல் சலவையில் பக்கத்துச் சந்தன நிறத்தை ரோஸ் ஆக்கிவிட்டது. நனைத்தால் மட்டும் போதாது மேடம், ஈரத்துணியை வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், கறை வந்தால் அந்த நிறமே வேண்டாம். ஒரு கேள்வி: கால்மிதி மெஷினில் தைக்க முடியுமா?

தாராளமாக. நான் தைத்ததே அம்மாவின் கால்மிதி மெஷினில்தான். ஒன்று மட்டும், தையலைச் சின்னதாக வையுங்கள். வளையமாக வெட்டும்போது ஓரங்களில் தையல் விட்டுப்போகாமல் இருக்கும். ஆனால் பிரிக்கிற அன்றைக்கு என்னைத் திட்டாதீர்கள்.