இயற்பியல் படித்துவிட்டு அயன் சேனல் ஆய்வுக்குப் போகலாமா?

குலசேகரத்துக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி செமஸ்டர் படிக்கிறேன். ஜே.ஆர்.எஃப். (பிஎச்.டி. படிக்க மாத உதவித்தொகை) கிடைத்திருக்கிறது, அதுவும் இயற்பியலில்தான். வெளி மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் பிஎச்.டி. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே உடலியங்கியல் துறைப் பேராசிரியர் ஒருவரும், புரதங்களின் கட்டமைப்பைப் பார்க்கிற இன்னொரு பேராசிரியரும் சேர்ந்து ஒரே மாணவரை எடுக்கிறார்கள். செல் சவ்வில் இருக்கும் பொட்டாசியம் சேனலை, அதாவது பொட்டாசியம் அயனி போய் வருகிற புரதத் துளையை, தேள் விஷத்தில் உள்ள புரதம் எப்படிப் போய் அடைக்கிறது, அடைத்தால் செல்லுக்கு என்ன ஆகிறது, இரண்டையும் ஒரே ஆள் பார்க்க வேண்டுமாம். ஒரு பக்கம் சேனல் வழியே போகிற மின்னோட்டத்தை அளக்கிற பேட்ச் கிளாம்ப், இன்னொரு பக்கம் புரதத்தை உறைய வைத்துப் படம் எடுக்கிற கிரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்.

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது, ஆனால் பிளஸ் டூவோடு உயிரியலை விட்டவள் நான். அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், "பிசிக்ஸ் படிச்சவளுக்கு தேளுகிட்ட என்ன வேலை, பி.எட். முடிச்சா டி.ஆர்.பி. எழுதலாம்லா" என்கிறார். எங்கள் துறையில் ஒரு சார் அதற்கும் மேலே போய், "நாளைக்கு வேலைக்கு நின்றால் இயற்பியல்காரன் உன்னை உயிரியல் என்பான், உயிரியல்காரன் இயற்பியல் என்பான், இரண்டும் கெட்டானாக நிற்பாய்" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் போய்விட்டது. இந்த மாதிரி ஆய்வில் இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

வடசேரி_மக்கா:

மக்கா, இரண்டும் கெட்டான் என்கிற பேச்சை முதலில் தூக்கிப் போடு. இந்தத் துறையே அப்படி வந்தவர்களை வைத்துத்தான் நிற்கிறது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் அமெரிக்காவில் இயற்பியலில் பிஎச்.டி. வாங்கினார், அப்புறம் சான் டியாகோவில் போய் உயிரியலை மறுபடியும் மாணவராக உட்கார்ந்து படித்தார், 2009இல் செல்லுக்குள் புரதம் தயாரிக்கிற ரைபோசோமின் கட்டமைப்புக்காக வேதியியல் நோபல். ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்துகொண்டே 1954இல் கொலாஜன் புரதத்துக்கு மூன்று இழைச் சுருள் என்ற வடிவத்தைச் சொன்னார். 1963இல் வந்த ராமச்சந்திரன் வரைபடத்தை வைத்துத்தான் இன்றைக்கும் புதிதாகக் கண்டுபிடிக்கிற புரத வடிவம் சரியா தப்பா என்று பார்க்கிறார்கள்.

சரி, உன் தேள் கதைக்கு வருவோம். ராடெரிக் மெக்கின்னன் படித்தது மருத்துவம். 1980களின் கடைசியில் அவரும் கிறிஸ்டோபர் மில்லரும் கேரிப்டோடாக்ஸின் என்ற தேள் விஷப் புரதத்தை வைத்து, பொட்டாசியம் சேனலில் அயனி போகிற துளையின் வாய் எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். சேனலில் ஒரு அமினோ அமிலத்தை மாற்ற வேண்டியது, விஷம் முன்போலவே ஒட்டுகிறதா என்று மின்னோட்டத்தை அளந்து பார்க்க வேண்டியது. எந்த இடத்தை மாற்றினால் பிடி தளர்கிறதோ அது வாய்க்குப் பக்கம் என்று அர்த்தம். கையில் படம் எதுவும் கிடையாது, எல்லாம் மின்னோட்டத்தை வைத்துப் போட்ட கணக்கு.

ஆனால் பொட்டாசியம் தாராளமாகப் போகிற துளையில் அதைவிடச் சின்னதான சோடியம் ஏன் போகமாட்டேன் என்கிறது? அதற்கு மின்னோட்டத்தை மட்டும் அளந்து பதில் கிடைக்கவில்லை. மனுஷன் புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்ரே விட்டு வடிவம் பார்க்கிற படிகவியலைக் கற்றுக்கொண்டு, ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் இருந்து 1998இல் ஒரு பாக்டீரியா சேனலின் கட்டமைப்பை வெளியிட்டார். துளையின் குறுகலான பகுதியில் ஆக்சிஜன் அணுக்கள் வரிசையாக உள்ளே பார்த்து நிற்கின்றன. தண்ணீரில் இருக்கும்போது பொட்டாசியத்தைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் எவ்வளவு தூரத்தில் இருக்குமோ, கிட்டத்தட்ட அதே தூரத்தில் இந்த ஆக்சிஜன்கள். அதனால் பொட்டாசியம் தண்ணீரைக் கழற்றிவிட்டு உள்ளே வருவதில் அதற்கு நஷ்டம் இல்லை. சோடியம் சிறிசு, ஆக்சிஜன்களுக்கு எட்டாது, தண்ணீரைக் கழற்றினால் ஈடு கட்ட ஆள் இல்லை, வெளியிலேயே நின்றுவிடும். நொடிக்குக் கோடிக்கணக்கில் அயனி பாய்கிற இடத்தில் இந்தத் தேர்வும் நடக்கிறது. 2003இல் நோபல் கொடுத்தார்கள். இதில் ஆற்றல் கணக்கு எவ்வளவு, உயிரியல் எவ்வளவு என்று உங்கள் சாரைப் பிரித்துக் காட்டச் சொல்லு.

இரண்டு பேராசிரியர் என்று பயப்படாதே, ஆனால் இருவருக்கும் கேள்வி ஒன்றுதானா என்று பார். மிளகாயின் காரத்தையும் சூட்டையும் உணர்கிற டிஆர்பிவி1 சேனலை 1997இல் கண்டுபிடித்தது டேவிட் ஜூலியஸ் ஆய்வகம். 2013இல் அவர் இருந்த அதே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகத்தில் இருந்த யீஃபான் செங்கோடு சேர்ந்து 3.4 ஆங்ஸ்ட்ராம், அதாவது கிட்டத்தட்ட அணு அளவு துல்லியத்தில் அதன் கட்டமைப்பைக் கொண்டுவந்தார்கள். படிகமே ஆக்காமல் கிரையோ மைக்ராஸ்கோப்பில் எடுத்தது என்பதால் அது அப்போது பெரிய செய்தி. எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. சும்மா படம் எடுத்தால் மூடிக் கிடக்கிற சேனல்தான் கிடைக்கும். டரான்டுலா சிலந்தியின் விஷப் புரதம் ஒன்று இந்தச் சேனலைத் திறந்தபடியே பிடித்து வைக்கும் என்பது மின்னோட்டம் அளக்கிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி. அதைச் சேர்த்து உறைய வைத்ததால்தான் திறந்த நிலையும் கிடைத்தது. அப்படி ஒருவர் கைவேலை இன்னொருவருக்கு உதவுகிற இடமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போ. மானியத்துக்காக இரண்டு பெயரைச் சேர்த்துப் போட்ட இடமாக இருந்தால் நீ இரண்டு பேருக்கும் எடுபிடியாகத்தான் இருப்பாய்.

தக்கலை_வாத்தியார்:

மேலே தம்பி சொன்னதெல்லாம் நோபல் கதை. எல்லாரும் நோபல் வாங்கப் போவதில்லை, நான் சோற்றுக் கதை சொல்கிறேன்.

அந்தச் சார் சொன்னதை முழுசாகத் தள்ளாதீர்கள் அம்மா. தமிழ்நாட்டில் கல்லூரி வேலைக்குப் போனால் முதலில் பார்ப்பது எம்.எஸ்சி. எந்தப் பாடம் என்பதைத்தான். புதுப் பெயரில் முதுநிலைப் பட்டம் வாங்கியவர்கள் ஈக்விவலன்ஸ் ஜி.ஓ. (அந்தப் பட்டம் பழைய பாடத்துக்குச் சமம் என்கிற அரசாணை) இருக்கிறதா இல்லையா என்று அலைகிறதை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் எம்.எஸ்சி. சுத்தமான இயற்பியல், நெட் தேர்ச்சியும் இயற்பியல். பிஎச்.டி. எந்தத் துறையின் பெயரில் பதிவாகும் என்று மட்டும் சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உயிர் இயற்பியல் என்றோ இயற்பியல் என்றோ பதிவானால் பின்னால் பேச வசதி. இயற்பியலில் வாங்கிய ஜே.ஆர்.எஃப். அந்தத் துறையில் செல்லுமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

பணம் என்று பார்த்தால் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000, அடுத்த கட்டமான எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. 2023 முதல் இந்தக் கணக்கு. பி.எட். எங்கும் ஓடிப்போகாது, பிறகும் படிக்கலாம். ஆனால் உதவித்தொகை மாதாமாதம் ஒழுங்காக வரும் என்று நினைத்து வீட்டில் கடன் எதுவும் வைத்துவிடாதீர்கள், சேர்ந்து வருகிற பழக்கமும் உண்டு.

ஆசாரிபள்ளம்_சிஸ்டர்:

நான் ஆராய்ச்சி ஆள் இல்லை, நர்ஸ். அப்பா கேட்ட "தேளுகிட்ட என்ன வேலை" என்பதற்கு மட்டும் சொல்கிறேன்.

செந்தேள் கொட்டினால் வலி மட்டும் இல்லை. விஷம் நரம்பு முனைகளைத் தூண்டி அட்ரினலின் வகையறாவை வெள்ளமாக இறக்கிவிடும், உடம்பு குளிர்ந்து வியர்க்கும், ரத்த அழுத்தம் ஏறும், கடைசியில் இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோர்க்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ரொம்ப ஆபத்து. மகாராஷ்டிரத்தில் மஹாட் என்ற ஊரில் இருந்து டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் இதைக் கூர்ந்து கவனித்து, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற பிரசோசின் மாத்திரையைக் கொடுத்துப் பிழைக்க வைத்தார். அதற்குப் பிறகு இறப்பு வெகுவாகக் குறைந்தது. விலை மலிவான மாத்திரை. விடியும் முன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் விளைக்குள் போகிறவருக்கு இதன் அருமை தெரியும், சொல்லிப் பாருங்கள்.

ஒன்று கவனித்தீர்களா, அங்கே எந்தச் சேனலின் படமும் தேவைப்படவில்லை. உடம்பில் என்ன நடக்கிறது என்று சரியாகப் புரிந்துகொண்டதே போதுமாக இருந்தது. அதனால் மைக்ராஸ்கோப்புதான் பெரிசு என்று போய்விடாதீர்கள்.

வடசேரி_மக்கா:

சிஸ்டர் சொன்னது நூற்றுக்கு நூறு. கூட ஒன்று, அதே இந்தியச் செந்தேளின் விஷத்திலிருந்து 1990இல் ஐபீரியோடாக்ஸின் என்று 37 அமினோ அமிலம் உள்ள புரதத்தைப் பிரித்தார்கள். பி.கே. என்ற பொட்டாசியம் சேனலை மட்டும் தேடிப் பிடித்து அடைக்கும், மற்றதைச் சீண்டாது. ரத்தக்குழாயின் தசை தளர்வதில் பி.கே.வுக்குப் பங்கு உண்டு என்பதைப் பிரித்துக் காட்ட ஆய்வகங்களில் இன்றும் இதைத்தான் எடுக்கிறார்கள். உனக்கு வந்திருக்கிற புராஜெக்ட் இந்தப் பக்கமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

குளச்சல்_கடல்:

தேளை விடுங்க, நம்ம கடலிலேயே சரக்கு இருக்கு. கூம்பு மாதிரி இருக்குமே கோனஸ் சங்கு, மடி வலையில் மீனோடு சேர்ந்து வந்து விழும், கன்னியாகுமரி கடைகளில் மாலை கோர்த்துத் தொங்கும். அதில் ஒரு வகையின் விஷத்திலிருந்து வந்ததுதான் சைக்கோனோடைட் என்ற வலி மருந்து, 25 அமினோ அமிலம், 2004இல் அமெரிக்காவில் அனுமதி. நரம்பில் இருக்கும் கால்சியம் சேனலை அடைக்கிறது. தண்டுவடத் திரவத்துக்குள் நேராகச் செலுத்த வேண்டும், மாத்திரையாக விழுங்க முடியாது. யூட்டா பல்கலைக்கழகத்தில் பால்டோமெரோ ஒலிவேராவின் ஆய்வகம்தான் இதன் ஆரம்பம், அவர் பிலிப்பைன்ஸ்காரர், சின்ன வயசில் சங்கு பொறுக்கியவர்.

ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் இருக்கிறது, போகும் முன் ஒரு எட்டு போய்ப் பேசிவிட்டு வாங்க. உயிரோடு இருக்கிற கோனஸைக் கையில் எடுக்காதீங்க, சில வகை ஆளையே கொன்றிருக்கிறது. ஒரு வகை வனவிலங்குச் சட்டத்திலும் வருகிறது.

குலசேகரத்துக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். ஆல்ஃபாஃபோல்ட் வந்த பிறகு புரத வடிவத்தைக் கணினியே சொல்லிவிடுகிறதே, 2024இல் நோபலும் கொடுத்தாயிற்று. நான் படித்து முடிக்கும்போது இந்த வேலையே இருக்குமா?

கோட்டார்_அக்கா:

தங்கச்சி, நான் இப்படி இரண்டு கைடு வைத்துத்தான் முடித்தேன், பெங்களூரில். அதனால் நான் சொல்கிறேன்.

ஆல்ஃபாஃபோல்ட் 20 கோடிக்கும் மேலே புரதங்களுக்கு வடிவம் கணித்து வைத்திருக்கிறது, நாங்களும் தினமும் திறந்து பார்க்கிறோம். ஆனால் சேனல் என்பது அசைகிற சாமான். எத்தனை மில்லிவோல்ட்டில் திறக்கிறது, திறந்து எவ்வளவு நேரம் நிற்கிறது, விஷம் போய் உட்கார்ந்தால் மறுபடி எப்போது கழன்று வருகிறது, இதெல்லாம் அந்தப் படத்தில் இல்லை. வடிவம் சுலபமாகக் கிடைக்கக் கிடைக்க, அதை வைத்துச் சரியான கேள்வி கேட்டு அளக்கத் தெரிந்தவர்களுக்கு வேலை கூடத்தான் செய்கிறது.

தினப்படி வேலை எப்படி என்று யாரும் சொல்லவில்லை. பேட்ச் கிளாம்ப் என்றால், கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி இழுத்து நுனியை ஒரு மைக்ரான் அளவுக்குக் கொண்டுவந்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடியே செல்லின் மேல் மெதுவாக இறக்குவோம். நுனி செல்லைத் தொட்டதும் திரையில் மின்தடை லேசாக ஏறும். அப்போது குழாயோடு இணைத்த டியூபை வாயில் வைத்து மெல்ல, ரொம்ப மெல்ல உறிஞ்ச வேண்டும். மெகா ஓமில் நின்ற எண் திடீரென்று ஜிகா ஓமுக்குத் தாவும், குழாய் செல்லோடு இறுக ஒட்டிவிட்டது என்று அர்த்தம், அதைத்தான் சீல் என்போம். அந்தத் தாவல் வந்தால்தான் அன்றைக்கு வேலை, வராவிட்டால் அடுத்த செல். ஆரம்பத்தில் வரவே வராது, யாராவது கதவைச் சாத்தினால்கூட சீல் போய்விடும், அழுகை வரும். உனக்கு ஒரு சாதகம், அளவீட்டில் மின் இரைச்சல் எங்கிருந்து வருகிறது, எதை எர்த் செய்ய வேண்டும் என்பது உயிரியல் படித்து வந்தவர்களைவிட உனக்குச் சீக்கிரம் பிடிபடும்.

கிரையோ பக்கம் வேறு மாதிரிப் பொறுமை. மைக்ராஸ்கோப் முன்னால் உட்காருகிற நேரம் கொஞ்சம்தான், புரதத்தைச் சவ்விலிருந்து டிடர்ஜென்ட் போட்டுப் பிரித்துச் சுத்தமாக எடுப்பதில்தான் மாதங்கள் போகும். குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டு நிற்கிற வேலை. அப்புறம் 3 மில்லிமீட்டர் கிரிட்டில் ஒரு சொட்டு விட்டு, திரவ ஈத்தேனில் சட்டென்று முக்க வேண்டும், ஐஸ் படிகம் கட்டினால் அந்தக் கிரிட் குப்பைக்கு.

இன்டர்வியூவில் அவர்கள் கேட்பதற்கு முன் நீ கேட்க வேண்டியது இருக்கிறது. மைக்ராஸ்கோப் அங்கேயே இருக்கிறதா, வேறு ஊரில் நேரம் வாங்கிப் போக வேண்டுமா. இரண்டு கைடுக்கும் கருத்து வேறுபாடு வந்தால் யார் சொல்வது நடக்கும். இதற்கு முன் இதேபோல் சேர்ந்த மாணவர் எத்தனை வருஷத்தில் முடித்தார், முடிந்தால் அவரிடமே தனியாகப் பேசு. முதல் வருஷத்தில் ஒரு கையைத்தான் பழக்கு. பேட்ச் கிளாம்போ புரதம் பிரிப்பதோ, ஏதாவது ஒன்றில் உன்னைக் கேட்காமல் ஆய்வகத்தில் யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்கிற நிலைக்கு வா. இரண்டையும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தவர்கள்தான் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று திண்டாடினார்கள், உங்கள் சார் பயப்படுவது அவர்களைப் பார்த்துத்தான் இருக்கும்.

உயிரியலை முழுசாகப் படித்துவிட்டுப் போக நினைக்காதே, நேரம் இல்லை. அயனியின் சமநிலை மின்னழுத்தத்தைச் சொல்கிற நெர்ன்ஸ்ட் சமன்பாடு, அப்புறம் 1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் நரம்புக்குப் போட்ட சமன்பாடுகள், இந்த இரண்டையும் பைத்தானில் எழுதி ஓட விட்டுப் பார். செல்லுக்குள் பொட்டாசியம் 140 மில்லிமோலார், வெளியே 5 என்றால் சமநிலை மின்னழுத்தம் எவ்வளவு என்று கட்டாயம் கேட்பார்கள்.

குலசேகரத்துக்காரி:

அக்கா, இப்பவே போட்டுப் பார்த்தேன். 37 டிகிரிக்கு மைனஸ் 89 மில்லிவோல்ட் வருகிறது. சரியா?

பிஎச்.டி. எந்தத் துறையில் பதிவாகும் என்று கேட்டு மெயில் அனுப்பிவிட்டேன் வாத்தியார் சார்.

கோட்டார்_அக்கா:

சரி. ஆனால் ஆய்வகத்தில் செல் 37 டிகிரியில் இருக்காது, ஏசி அறையில்தான் அளப்பீர்கள். 25க்குப் போட்டால் மைனஸ் 86 வரும், எந்த வெப்பநிலை என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லு.