துறைமுகத்திலிருந்து பணித்தளம் வரை: பெரிய இயந்திரங்களைச் சாலையில் கொண்டு வந்தவர்கள், வழியில் கண்டவர்கள் அனுபவம்

காற்றாலைப் பணித்தளப் பொறியாளர், திருநெல்வேலி:

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலிருந்து காற்றாலை இறக்கை போகும்போது சாலையோரம் நின்று படம் பிடிக்காதவர்கள் குறைவு. அந்த இறக்கையைத் தூக்கி மாட்டும், சங்கிலித் தடத்தில் நகரும் கிராலர் கிரேனும் அதே சாலையில்தான் வருகிறது. பல துண்டுகளாகப் பிரிந்து வருவதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. பல ஆண்டுகளாக அந்த வேலையில் இருப்பவன் என்ற முறையில் நான் முதலில் எழுதுகிறேன். ஓட்டியவர்கள், கம்பி தூக்கியவர்கள், எதிரே வந்து நின்றவர்கள் எல்லோரும் தொடருங்கள்.

மோட்டார் வாகன விதிப்படி சரக்கு வாகனத்தின் அகலம் 2.6 மீட்டருக்குள் இருக்க வேண்டும். கண்மாய் தூர் வாரும் சாதாரண 20 டன் பொக்லைனே சுமார் 2.8 மீட்டர் அகலம் உடையது. அப்படியானால் 600 டன் தூக்கும் கிரேனை நினைத்துப் பாருங்கள். பூம் எனும் தூக்கும் கையின் துண்டுகள் இடத்தை அடைக்கும், எடை அதிகமில்லை. எதிர் எடைக் கட்டிகள் சிறியவை, ஆனால் அச்சை அழுத்தும். சங்கிலித் தடங்கள் இரண்டும் தனித்தனி டிரெய்லரில் வரும். இவற்றையெல்லாம் அனுபவமுள்ள ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். என் தூக்கத்தைக் கெடுப்பது கிரேனின் நடு உடம்பு ஒன்றுதான். எடை, அகலம், உயரம் மூன்றும் ஒரே துண்டில் சேர்ந்து வருவது அது.

துறைமுக வாசல் தாண்டி உப்பளங்களுக்கு நடுவே வாகைக்குளம், வல்லநாடு, பாளையங்கோட்டை என்று நான்கு வழிச்சாலையில் வரும்வரை பெரிய தொல்லை இல்லை. தேசிய நெடுஞ்சாலையில் புதிதாகக் கட்டும் மேம்பாலங்களுக்கு அடியில் 5.5 மீட்டர் உயரம் விட்டிருப்பார்கள். சுங்கச்சாவடியில் இடது ஓரத்து அகலப் பாதை இருக்கும். உண்மையான வேலை நெடுஞ்சாலையை விட்டு ராதாபுரம் பக்கமோ கயத்தாறு பக்கமோ கிராமச் சாலைக்குள் திரும்பும்போது தொடங்குகிறது. நூறு கிலோமீட்டரை ஒரு நாளில் கடந்த வண்டி, கடைசி ஐந்து கிலோமீட்டருக்கு மூன்று நாள் எடுத்துக்கொள்வது எங்களுக்குப் பழகிவிட்டது.

அதனால் வழித்தட ஆய்வை நான் யாரிடமும் விடுவதில்லை. அளவுக் கம்பை எடுத்துக்கொண்டு நானே நடப்பேன். ஒருமுறை அளந்ததை நம்பவும் கூடாது. தார் போட்டு சாலை ஒரு சாண் உயர்ந்திருக்கும். யாரோ ஒருவர் மாடிக்குக் கேபிள் இழுத்திருப்பார். இருபது நாளுக்கு முன் இல்லாத கல்வெர்ட் சுவர் முளைத்திருக்கும்.

ஒரு கொடை விழாவை மறக்க முடியாது. ஆய்வின்போது வெறுமையாக இருந்த தெருவில், வண்டி வந்து சேர்ந்த அன்று அம்மன் உருவத்தில் சீரியல் விளக்கு வளைவு நின்றது. வண்டியை ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு ஊர்ப் பெரியவர்களைப் பார்க்கப் போனேன். ஒருவர், “தம்பி, மஞ்சள் நீராட்டு முடியாமல் கால் நாட்டியதைப் பிடுங்க மாட்டோம். உங்கள் ஆட்களையெல்லாம் சாப்பிட அழைத்து வாருங்கள்” என்றார். அந்த இரவு எங்கள் ஆட்கள் அனைவரும் கோயில் பந்தியில்தான் சாப்பிட்டார்கள். மறுநாள் மாலை அந்த ஊர் இளைஞர்களே வளைவைக் கழற்றி, குறுக்கே தொங்கிய கேபிள்களையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிப் பிடித்து வண்டியை வெளியே அனுப்பினார்கள். காவலரை அழைத்துவந்து மிரட்டும் ஒப்பந்ததாரர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய அடுத்த வண்டி அதே ஊருக்குள் எளிதாக நுழைந்ததில்லை.

புல்லர் ஓட்டுநர், சங்ககிரி:

பொறியாளர் ஐயா சொன்ன நடு உடம்பை ஏற்றி வருபவர்களில் நானும் ஒருவன். பார்க்கிறவர்கள் டிரெய்லரை முன்னால் இழுக்கும் புல்லர் வண்டியைப் பார்த்து, “எத்தனை குதிரைத்திறன்?” என்று கேட்பார்கள். இழுப்பது பெரிதில்லை. பின்னால் டிரெய்லரின் ஸ்டீயரிங் பிடிப்பவர் சரியாக இல்லாவிட்டால் எந்த புல்லரும் திரும்பாது. எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்கும் ஹைட்ராலிக் ஆக்சில் டிரெய்லரில் ஒரு வரிசைக்கு எட்டு டயர். சுமையோடு சேர்த்து ஒரு வரிசைக்கு 18 டன்தான் கணக்கு. பன்னிரண்டு வரிசை பூட்டினால் 96 டயர். முக்கில் திரும்பும்போது வால் எங்கே போகிறது என்பது எனக்குத் தெரியாது. அவர் நடந்துகொண்டே வயர்லெஸ்ஸில் சொல்வார், “விடு, விடு, போதும், நில்.” எத்தனையோ ஆண்டாக ஒரே ஆளோடுதான் ஓட்டுகிறேன். குரலை வைத்தே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று தெரிந்துவிடும். அவர் விடுப்பு எடுத்தால் நானும் எடுத்துவிடுவேன்.

டிரெய்லர் தளத்தை ஏறத்தாழ அரை மீட்டர் ஏற்றி இறக்கலாம். தாழ்வான கம்பி வந்தால் பதுங்கிப் போகலாம், சாலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கத்து எண்ணெயை ஏற்றித் தட்டையாக வைத்துக்கொள்ளலாம். இந்த வசதியே ஆபத்தும் ஆகும். ஒரு குழாய் வெடித்தால் அந்தப் பக்கம் மொத்தமும் உட்கார்ந்துவிடும். ஆகவே புறப்படும் முன் ஒவ்வொரு குழாயையும் கையால் தடவிப் பார்ப்பேன். கசிவு கண்ணுக்குத் தெரியும் முன் விரலுக்குத் தெரிந்துவிடும்.

தூத்துக்குடியில் இன்னொன்று உண்டு. உப்புக் காற்றும் விடியற்காலைப் பனியும் சேர்ந்தால் டிரெய்லர் தகடு வழுக்கும். இரும்புத் தடம் இரும்புத் தகட்டில் நேராக உட்காரவே கூடாது. நடுவில் மரப்பலகை, இல்லாவிட்டால் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பர் போட வேண்டும். நான்கு மூலையிலும் சங்கிலியைக் குறுக்காகப் போட்டு முறுக்கிய பிறகு, தடத்திலிருந்து தகடு வரை சாக்பீஸால் ஒரே கோடாக இழுத்துவிடுவேன். வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் டீக்கு முன் அந்தக் கோட்டைப் பார்ப்பேன். கோடு உடைந்து விரல் அகலம் விலகியிருந்தாலும் அங்கேயே நிறுத்தி மறுபடி கட்டுவோம். துறைமுகத்தில் சுமை கட்டும்போது அவசரப்படுத்துபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: கப்பலுக்குத் தாமதக் கட்டணம் கட்டிக்கொள்ளலாம், எதிரே வருகிற பஸ்ஸில் இருப்பவர்களுக்கு என்ன கட்டுவது?

ஓய்வுபெற்ற மின்வாரியக் கம்பியாளர், வள்ளியூர்:

சுமையின் மேல் ஏறி நின்று மூங்கில் கழியால் கம்பியைத் தூக்குகிறார்களே, அதை எழுதத்தான் வந்தேன். கேபிள் டிவி கம்பியைத் தூக்கிப் பழகியவன் அதே கையோடு மின்கம்பியையும் தூக்குகிறான். பனியில் நனைந்த மூங்கிலில் மின்சாரம் பாயும். 11 கே.வி. கம்பியைத் தொடக்கூட வேண்டாம், பக்கத்தில் போனாலே தாவும். அந்தக் கழியோடு மேலே நிற்கும் பையனுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

முறையான வழி இதுதான். முன்கூட்டியே பிரிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, பணம் கட்டி, நாள் வாங்க வேண்டும். அன்று எல்.சி. (லைன் கிளியர், அதாவது கம்பியில் வேலை செய்வதற்கான அனுமதி) வாங்கி மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போட்ட பிறகுதான் எங்கள் ஆள் கம்பத்தில் ஏறுவான். அதற்குப் பிறகே கம்பியைத் தூக்குவதோ கழற்றுவதோ. வண்டி போய், எர்த் ராடை எடுத்து, எல்லோரும் கீழே இறங்கிவிட்டார்கள் என்று ஆளை எண்ணிப் பார்த்த பிறகே எல்.சி.யைத் திருப்பிக் கொடுப்போம். அரை மணி நேரம் கரண்ட் இல்லையென்று ஊர் கத்தும். கத்தட்டும். பொறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஆய்வு அறிக்கையில் “கம்பி 14” என்று மொத்தமாக எழுதாதீர்கள். எது மின்கம்பி, எது கேபிள், எது தொலைபேசி என்று கம்ப எண்ணோடு எழுதுங்கள். அந்த ஒரு தாள் உயிரைக் காக்கும்.

லாஷிங் (சுமை கட்டும்) பணியாளர், சிங்கப்பூர்:

நான் ஜூரோங் பக்கம் வேலை செய்கிறேன், ஊர் பட்டுக்கோட்டை. இங்கே வண்டியும் சுமையும் சேர்ந்து உயரம் 4.5 மீட்டரைத் தாண்டினால் காவல் துணையோடுதான் நகர முடியும். கேட்டை விட்டு வெளியே வரும் முன் சுமையின் உச்சியிலிருந்து தரை வரை நாடா பிடித்து அளப்போம். காகிதத்தில் இருக்கும் உயரத்தை மேற்பார்வையாளர் ஏற்கவே மாட்டார். பொக்லைனின் கையை மடக்கி வைத்திருந்தாலும் ஹைட்ராலிக் இறங்கி ஏறினால் அளவு மாறிவிடும் என்பார். தொடக்கத்தில் வீண் வேலை என்று முணுமுணுத்தவர்கள்கூட இப்போது நாடாவைத் தாங்களே எடுத்து வருகிறார்கள்.

கம்பியாளர் ஐயா சொன்னதைப் படித்ததும் என் தம்பிக்கு அனுப்பினேன். அவன் ஊரில் இந்த வண்டிகளில் கிளீனராகப் போகிறான்.

பால் வண்டி ஓட்டுநர், ஸ்ரீவைகுண்டம்:

எதிரே வந்து நின்றவன் என்ற கணக்கில் எழுதுகிறேன். வல்லநாடு தாமிரபரணி பாலத்தில் ஒரு பக்கத்தை அடைத்து மறுபக்கத்தில் இரு திசை வண்டிகளும் போய்க்கொண்டிருந்த நாட்களில், முன்னால் வந்த பைலட் வண்டி எங்களைப் பாலத்துக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டது. பால் கெட்டுவிடுமே என்று இறங்கிப் போய்ச் சண்டை பிடித்தேன். பெரிய வண்டி பாலத்தில் இருக்கும்போது வேறு வண்டி ஏன் ஏறக்கூடாது என்று யாரும் விளக்கவில்லை. இன்றும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காற்றாலைப் பணித்தளப் பொறியாளர், திருநெல்வேலி:

பால் வண்டி அண்ணனின் கோபம் நியாயமானது. காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும், அதுவும் அந்தப் பாலத்தில். தளத்தில் ஓட்டை விழுந்து பலமுறை செப்பனிட்ட பாலம் அது.

இந்திய சாலைக் காங்கிரஸ் விதிகளில் சிறப்பு வாகனம் என்று ஒரு கணக்கு உண்டு. 385 டன், 20 வரிசை அச்சுகள். அந்த எடையைப் புதிய பாலம் தாங்குமா என்று பார்க்கும்போதே சில நிபந்தனைகளை வைத்துத்தான் பார்க்கிறார்கள். வண்டி பாலத்தின் நடுக்கோட்டை ஒட்டிப் போக வேண்டும், மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது, பாலத்தின் மேல் பிரேக் பிடிக்கவோ வேகம் எடுக்கவோ கூடாது, வேறு வண்டி ஒன்றும் பாலத்தில் இருக்கக்கூடாது. நடுவில் போனால் எடை எல்லா உத்தரங்களுக்கும் பகிர்ந்து போகும். ஓரத்தில் போனால் ஓர உத்தரம் தனியாகச் சுமக்கும். நீங்கள் எதிரே வந்தால் புல்லர் ஒதுங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் போட வேண்டும். இரண்டுமே பாலம் தாங்கும் என்று போட்ட கணக்குக்குள் வராதவை. எங்கள் வண்டிகள் 385 டன்னைத் தொடுவதில்லை என்றாலும், பழைய பாலங்களில் இதே ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறோம்.

பாலமே வேண்டாமென்று ஆற்றுக்குள் மண்பாதை போட்டுப் போனவர்களும் உண்டு. வந்தவாசி அருகே கொரக்கோட்டையிலிருந்து பெங்களூரு ஈஜிபுராவுக்குப் போன விஷ்ணு சிலையை நினைவிருக்கிறதா? 2018 டிசம்பரில் புறப்பட்டு 2019 ஜூனில்தான் போய்ச் சேர்ந்தது. ஓசூர் அருகே தென்பெண்ணையில் அதற்காகத்தான் பக்கப்பாதை போட்டார்கள். அது துறைமுகச் சரக்கு இல்லை என்றாலும், எடைக்கு முன் பாலம் எவ்வளவு பெரிய கேள்வி என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கம்பியாளர் ஐயாவுக்கு: கம்ப எண்ணோடு கம்பி வகையை எழுதும் பத்தியை எங்கள் ஆய்வுப் படிவத்தில் சேர்த்துவிட்டேன். மே முதல் செப்டம்பர் வரை காற்று வீசும் காலத்தில் தூக்கும் வேலை அடங்கியிருக்கும். அது ஓய்ந்ததும் அடுத்த கிரேன் துறைமுகத்தில் இறங்குகிறது. வழித்தட நாள் முடிவானதும் வல்லநாட்டில் வண்டி பாலம் ஏறும் நேரத்தை இங்கேயே எழுதுகிறேன். பால் வண்டி அண்ணன் அதற்கு முன்பே கடந்துவிடலாம்.

புல்லர் ஓட்டுநர், சங்ககிரி:

நேரம் தவறி வந்துவிட்டாலும் பைலட் வண்டியில் இருப்பவரிடம் பால் என்று சொல்லுங்கள் அண்ணா. பாலத்துக்கு இந்தப் பக்கமே நான் ஓரம் கட்டி உங்களை முதலில் விடுகிறேன். ஏறிய பிறகுதான் என்னால் நிற்க முடியாது.