கோல்டுஃபிஷ் உடம்பில் வெள்ளைப் புள்ளி, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டு கோல்டுஃபிஷுக்கு மூன்று நாளாக உடம்பு சரியில்லை. வாலிலும் செவுள் மூடியிலும் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். ஃபில்டர் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. திடீரென்று பாய்ந்து கூழாங்கல்லில் உடம்பைத் தேய்க்கிறது. என் கைநிழல் பட்டாலே மேலே வந்து வாய் திறக்கும் மீன், நேற்று போட்ட தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனசு கேட்கவில்லை.

தொட்டி 100 லிட்டர். இரண்டு வாரம் முன்பு புது மீன் ஒன்றைத் தனியாக வைத்துப் பார்க்காமல் நேரே விட்டுவிட்டேன். அதில்தான் வந்திருக்க வேண்டும். தினமும் கால்வாசித் தண்ணீர் மாற்றுகிறேன். அயோடின் கலக்காத கல் உப்பு லிட்டருக்கு 1 கிராம் கரைத்து விட்டேன். அப்புறம்தான் யோசித்தேன், கூடவே இரண்டு கோரிடோராஸ் (அடியில் மேயும் சின்னக் கெளுத்தி மீன்) இருக்கின்றன, அவற்றுக்கு உப்பு அவ்வளவாக ஆகாது.

புள்ளி உதிர்ந்தாலும் அதை உண்டாக்கும் ஒட்டுண்ணி தொட்டி அடியில் பெருகி மறுபடி மீனைப் பிடிக்கும், அதனால் வைத்தியத்தைப் பாதியில் விடமாட்டேன். உப்பைக் கூட்ட கோல்டுஃபிஷை மட்டும் தனி டப்புக்கு மாற்றலாமா? மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியா செத்துவிடும். டப்பில் மட்டும் போட்டால் போதுமா? கோரிடோராஸ் உடம்பில் இதுவரை புள்ளி இல்லை, அவற்றுக்கும் மருந்து தர வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் இன்றைக்கே சொன்னால் பேருதவி.