காப்பகமும் ஹவுசிங் போர்டும்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

திரியைத் தொடங்கியவர், ராயப்பேட்டை

மாநகராட்சி பட்ஜெட் வந்தால் சாலைக்கு எவ்வளவு, மழைநீர் வடிகாலுக்கு எவ்வளவு என்று எல்லோரும் பேசுகிறோம். தெருவில் படுப்பவர்களுக்கு எவ்வளவு என்று கேட்பவர்கள் குறைவு. அதைப் பேசத்தான் இந்தத் திரி.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். 2010 ஜனவரியில், டெல்லிக் குளிரில் நடைபாதையில் படுத்தவர்கள் இறந்ததையொட்டி உச்ச நீதிமன்றம் தலையிட்டது. பெரிய நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு, வீடில்லாதவர்கள் தங்க ஒரு காப்பகம் இருக்க வேண்டும், அது ஆண்டு முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று சொன்னது. விரிவாக்கப்பட்ட சென்னையில் 2011 கணக்கெடுப்பின்படியே 66 லட்சம் பேருக்கு மேல். அப்படியானால் எத்தனை காப்பகம் வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் காப்பகங்களைக் கட்டவும் நடத்தவும் பணம் ஒதுக்கியது. 50 பேர் தங்கும் ஒரு காப்பகத்தை நடத்த ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய், அதுவும் 5 ஆண்டுகளுக்கு மட்டும். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய்கூட வரவில்லை. பராமரிப்பாளர் சம்பளம், கரண்ட், தண்ணீர், ஃபினாயில், பாய், போர்வை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

இந்தத் தொகை காகிதத்தில் சின்னதாகத் தெரிகிறது. இடத்தில் போய்ப் பார்த்தால் அது என்னவாக இருக்கிறது? காப்பகம், அரசு வாரியம் கட்டித் தரும் குடியிருப்பு (ஹவுசிங் போர்டு என்கிறோமே அது), நடைபாதை, எதுவானாலும் சரி, நீங்கள் நேரில் கண்டதை எழுதுங்கள். அலுவலகம், அமைப்பு, ஆள் பெயர்கள் வேண்டாம்.

பிராட்வேயில் கடை வைத்திருப்பவர்

என் கடை என்.எஸ்.சி. போஸ் சாலையை ஒட்டிய சந்தில். இந்தப் பக்கம் நடைபாதையில் இருக்கும் குடும்பங்களை வெளியூர்க்காரர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அவர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள். அவர்கள் அம்மாவும் இங்கேதான் பிறந்தார். பகலில் பூக்கட்டுவது, மூட்டை தூக்குவது, கடை கூட்டுவது. ராத்திரி கடை ஷட்டர் இறங்கியதும் அதே இடத்தில் தார்பாய் விரியும்.

எங்கள் வாசலில் பூக்கட்டும் அம்மா ஒருவர். மழை நாளில் ஒருமுறை, "காப்பகத்துக்குப் போகலாமே அம்மா" என்றேன். "அங்க ஆம்பளைங்களுக்குத் தனி, பொம்பளைங்களுக்குத் தனி சார். வீட்டுக்காரரையும் பெரிய பையனையும் எங்க விட்டுட்டுப் போறது? அடுப்பு, குடம், துணிமூட்டை இதையெல்லாம் யாரு பாத்துக்குவாங்க?" என்று கேட்டார். நான் பார்த்தவரை தனியாளுக்குத்தான் காப்பகம். குடும்பமாகத் தெருவில் இருப்பவர்களுக்கு அதில் இடமில்லை. குடும்பக் காப்பகத்துக்கு யாராவது பணம் ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் அவர்கள் பிழைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வீடு தர வேண்டும்.

ஒரு நல்ல விஷயமும் சொல்ல வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வீடில்லாதவர்கள் முகவரிச் சான்று கொடுக்க வேண்டியதில்லை. படிவம் 6-இல் படுக்கும் இடத்தை எழுதிக் கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. எங்கள் தெருவில் அப்படி ஒரு அலுவலர் டார்ச்சோடு வந்தார். தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பாமல், விழித்திருந்த ஒரு பெரியவரிடம் மெதுவாகப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அந்த அலுவலர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அரசு மருத்துவமனை செவிலியர்

எங்கள் வேலையில் மிகக் கஷ்டமான நேரம் டிஸ்சார்ஜ் நேரம்தான். சர்க்கரையால் ஒரு கால் எடுத்த முதியவர். தெருவில் மயங்கிக் கிடந்தவரை 108-இல் கொண்டுவந்து சேர்த்தார்கள். புண் ஆறிவிட்டது, படுக்கை இன்னொருவருக்கு வேண்டும். எங்கே அனுப்புவது? ஒரு காப்பகத்துக்குப் பேசினோம். "சிஸ்டர், தானாகக் கக்கூஸுக்குப் போவாரா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். அப்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது மேலே அந்த 33 ரூபாய்க் கணக்கைப் பார்க்கும்போது அவர்கள் ஏன் அப்படிக் கேட்டார்கள் என்று புரிகிறது. டிரெஸ்ஸிங் மாற்ற, தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை.

நோயாளியோடு வருபவர்களுக்காக மருத்துவமனை வளாகங்களில் மாநகராட்சி நடத்தும் காப்பகங்கள் பெரிய உதவி. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து மனைவியைச் சேர்த்துவிட்டு வராந்தாவில் படுத்துக்கிடந்த ஒருவரை அங்கே அனுப்பி வைத்தேன். மறுநாள் குளித்து, சட்டை துவைத்துப் போட்டுக்கொண்டு வார்டுக்கு வந்தார். டாக்டர் சொல்வதை அன்றைக்குத்தான் நிதானமாகக் கேட்டார். தூங்காத மனிதரிடம் மாத்திரை விவரம் சொல்லி என்ன பயன்?

காப்பகப் பராமரிப்பாளர்

நான் ஒரு காப்பகத்தில் வேலை செய்கிறேன். எந்த ஊர், எந்த அமைப்பு என்று சொல்லவில்லை.

முதலில் ஒன்று. காப்பகம் என்றால் கட்டடம் என்று நினைக்கிறார்கள். மூன்று ஷிப்டுக்கு ஆள் இல்லையென்றால் அது வெறும் ஹால். எங்களுக்கு வர வேண்டிய பணம் மாதக்கணக்கில் தள்ளிப் போகும். அந்த நாட்களில் மளிகைக் கடை அண்ணாச்சிதான் காப்பகத்தை நடத்துகிறார். நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி தருகிறார். சம்பளம் வராத மாதங்களில் என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர், துணிக்கடை வேலைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் போனதும், அவரிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்த ஒரு பாட்டி பேசுவதையே நிறுத்திவிட்டார். பணத்தை எப்படிச் செலவழித்தோம் என்று அரசுக்குக் கொடுக்கும் எந்தப் பயன்பாட்டுச் சான்றிதழிலும் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

வருபவர்கள் எல்லாம் பிச்சைக்காரர்கள் என்று நினைக்காதீர்கள். எங்களிடம் இருப்பவர்களில் கல்யாண சமையல் கோஷ்டியில் சமைப்பவர் இருக்கிறார், செக்யூரிட்டி வேலை பார்ப்பவர் இருக்கிறார், பிள்ளைகளிடம் சண்டை போட்டுவிட்டு வந்த ஓய்வுபெற்ற டிரைவர் இருக்கிறார். விடிந்தால் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி நாலைந்து சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது ராத்திரி பயமில்லாமல் படுக்க ஒரு இடம், பூட்டு போட்ட ஒரு பெட்டி, குளிக்கத் தண்ணீர், அப்புறம் ஒரு முகவரி.

முகவரியைப் பற்றித்தான் நிறைய சொல்ல வேண்டும். அந்தச் சமையல்காரருக்கு 60 வயது தாண்டிவிட்டது. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். அதற்கு ஆதார் வேண்டும், பேங்க் கணக்கு வேண்டும். இரண்டுக்கும் விலாசம் வேண்டும். காப்பக விலாசத்தில் ஆதார் வாங்கித் தர அலைந்தோம். கைரேகை பதியவில்லை. காலமெல்லாம் அடுப்பில் வெந்த கை, ரேகை தேய்ந்துவிட்டது. கண் ரேகையை வைத்துப் பதிந்து, கணக்குத் திறந்து, உதவித்தொகை வந்த அன்று அவர் எங்களுக்கெல்லாம் ரவா கேசரி கிண்டினார். அவருக்காக அலைந்த பஸ் செலவு, ஜெராக்ஸ் செலவு எல்லாம் எங்கள் கைக்காசு. திட்டத்தில் அதற்குப் பணம் ஒதுக்கினால் இன்னும் எத்தனையோ பேருக்குச் செய்வோம். கட்டில் எண்ணிக்கையைக் கேட்பவர்கள் எத்தனை பேர் காப்பகத்தை விட்டுச் சொந்தக் காலில் போனார்கள் என்று கேட்பதே இல்லை.

மனநலம் பாதித்தவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அவர்களுக்குச் சாதாரணக் காப்பகம் போதாது. மருந்து கொடுக்கத் தெரிந்த ஆள், வாரம் ஒருமுறையாவது டாக்டர், இதெல்லாம் இல்லாமல் அவர்களைச் சேர்த்தால் அவர்களுக்கும் கஷ்டம், மற்றவர்களுக்கும் கஷ்டம். சென்னையில் சில தொண்டு நிறுவனங்கள் பல ஆண்டுகளாக இதை நன்றாகச் செய்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலும் நன்கொடையை நம்பித்தான் நடக்கிறது. அரசுப் பணம் இதற்குள் இன்னும் அதிகம் வர வேண்டும்.

ஒரு உறுப்பினர், கோவை

ஆதார் இல்லாதவரைச் சேர்ப்பீர்களா? ரயில்வே ஸ்டேஷனில் ஒருவருக்கு உதவப் போனபோது அடையாள அட்டை கேட்டார்கள்.

காப்பகப் பராமரிப்பாளர்

எங்களிடம் சேர்க்கிறோம். அட்டை இருப்பவர் காட்டுவார், இல்லாதவருக்கு நாங்கள் வாங்கித் தருவோம். வாசலில் கேட்டுத் திருப்பி அனுப்புவது சரியில்லை.

பெரும்பாக்கத்தில் குடியிருப்பவர்

வீடு கிடைத்தவர்கள் பக்கம் ஒன்று எழுதுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் அடையாறு கரையிலிருந்து எங்களை ஊருக்கு வெளியே இந்த வாரியக் குடியிருப்புக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் சைதாப்பேட்டையில் இருந்தோம். அம்மா நாலு வீட்டில் வேலை பார்த்தார். இங்கே வந்ததும் அந்த நாலு வீடும் போச்சு. விடியற்காலை பஸ் பிடித்தாலும் ஏழு மணிக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்க முடியாது. பஸ் சார்ஜே கூலியில் பாதி. தம்பி பத்தாம் வகுப்பில் பாதி ஆண்டில் பள்ளி மாறினான்.

அதே சமயம் உண்மையைச் சொல்ல வேண்டும். மழை வந்தால் இப்போது அம்மா தூங்குகிறார். முன்பெல்லாம் ஆற்றில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். உள்ளேயே கழிவறை இருக்கிறது, என் தங்கை ராத்திரி வெளியே போக வேண்டியதில்லை. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2021-இல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் ஆனதும்தான் அம்மா மறுபடி வேலைக்குப் போனார். எங்கள் விஷயத்தில் வீட்டை வீடாக்கியது அந்த பஸ்தான். பணம் ஒதுக்குகிறவர்கள் கட்டடத்தையும் பஸ்ஸையும் பள்ளியையும் ஒரே கணக்கில் வைக்க வேண்டும். நாங்கள் வந்த முதல் வருஷமே அந்த பஸ் இருந்திருந்தால் தம்பி பெயிலாகியிருக்க மாட்டான் என்று அம்மா இன்றும் சொல்வார்.

எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றால் ஏழாவது மாடியில் இருக்கும் வயதானவர்கள் பாடு என்ன என்று யோசித்துப் பாருங்கள். பராமரிப்புக்கு மாதாமாதம் பணம் கட்டச் சொல்கிறார்கள். தினக்கூலி வீட்டில் அதைப் பல மாதம் கட்ட முடிவதில்லை. கட்டுவதற்கு மத்திய அரசும் பணம் தருகிறது, மாநில அரசும் போடுகிறது. கட்டி முடித்து இருபது வருஷம் அதைப் பார்த்துக்கொள்ளும் செலவு மட்டும் எங்கள் தலையில்.

ஆட்டோ ஓட்டுநர், வட சென்னை

எங்கள் ஏரியாவில் பழைய வாரியக் கட்டடத்தை இடித்து அதே இடத்தில் புதிதாகக் கட்டுகிறார்கள். அதே இடம் என்பதால் எல்லோரும் சந்தோஷமாகச் சம்மதித்தோம். கட்டி முடிக்கும்வரை வெளியே இருக்கக் கருணைத் தொகை 24,000 ரூபாய். முன்பு 8,000-ஆக இருந்ததை உயர்த்தினார்கள், அதற்கு நன்றி. ஆனால் இங்கே ஒரு ரூம் வாடகையே ஆறாயிரம். நாலு மாதத்தில் தீர்ந்துவிட்டது, அட்வான்ஸ் கணக்கில் சேர்க்காமலே. என் பக்கத்து வீட்டு அக்கா வாடகை கொடுக்க முடியாமல் கடைவாசலில் படுத்தார். வாரிய வீடு இருந்தவர் தெருவுக்கு வந்துவிட்டார். கட்டுமானம் நடக்கும் மாதங்களுக்கு வாடகையை மாதாமாதம் கொடுத்தால் இது நடக்காது.

திரியைத் தொடங்கியவர், ராயப்பேட்டை

எல்லோருக்கும் நன்றி. 2022-இலிருந்து வார்டுகளில் ஏரியா சபைக் கூட்டம் நடக்கிறது. உள்ளூர்க்காரர் யார் வேண்டுமானாலும் பேசலாம். இங்கே எழுதியதை வைத்து நான் நான்கு விஷயம் கேட்கப் போகிறேன்: பராமரிப்பாளர் சம்பளம் மாதம் தவறாமல் வர மாநகராட்சியின் சொந்த நிதியில் ஒரு தொகை, மருத்துவமனையிலிருந்து வருபவர்களுக்குப் பராமரிப்போடு கூடிய காப்பகம், குடும்பங்களுக்கு ஒன்று, கட்டுமான காலத்துக்கு மாத வாடகை. உங்கள் வார்டில் நீங்களும் கேளுங்கள். பதிலை இங்கே போடுங்கள்.

கோவை நண்பர் மாதிரி உதவ நினைப்பவர்களுக்கு: சென்னையில் மாநகராட்சி உதவி எண் 1913-க்கு அழைத்து, தெருவில் இருப்பவரைப் பற்றி, எந்தத் தெரு, என்ன அடையாளம், ஆணா பெண்ணா, நடக்க முடிகிறதா என்பதைச் சொல்லுங்கள். உடம்பு சரியில்லையென்றால் முதலில் 108. அவரிடம் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். வர விருப்பமா என்று அவரிடமே கேட்டுவிட்டு அழையுங்கள்.